மீட்புக் கெடுவா, தாங்குநேரமா?

கலைச்சொல் தேடும் இந்தக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் மலையேற்றக் குழுப் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே ஒரு முதலுதவிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். இங்கே பேராக்கில் உள்ள கொர்பு மலை ஏறியவர்கள், சபாவின் கினபாலு மலை பார்த்தவர்கள்; இப்போது குளிர்காலத்தில் நேப்பாளம் போகவேண்டும் என்கிறார்கள். ஆசை வராமல் இருக்குமா? 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் நம்மவர்கள்தானே.

கையேட்டில் ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறோம். பனிமலையில் காணாமல் போனவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கக்கூடும்? தேடப் போகிறவர்கள் முதலில் போடும் கணக்கு இது. இதற்குக் கிள்ளான் டீச்சர் 'மீட்புக் கெடு' என்று கொடுத்தார்கள்; பலரும் சரி என்றுவிட்டீர்கள். கெடு நல்ல சொல், எல்லார் வாயிலும் புழங்குவது. ஆனாலும் இந்த இடத்துக்கு அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெடு என்பது ஒருவர் வைப்பது. தாண்டினால் முடிந்தது. மலையில் அப்படி யாரும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

பனிச்சரிவில் புதைந்தவர்களைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து விபத்துகளை வைத்துப் போட்ட, இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கில், 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் பத்துக்கு மூன்று பேர்தான். அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, மூச்சுத் திணறல். ஹெலிகாப்டர் கிளம்பி வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதனால்தான் பனிச்சரிவு விழக்கூடிய மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் புதைந்தவர் கிடக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றையும் சுமக்கவேண்டும் என்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் முதல் மீட்புப் படை.

மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். 2016 பிப்ரவரி 3 அன்று இமயத்தின் சியாச்சின் பனிமலையில், 19,000 அடிக்கும் மேலே, இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிக்குள் புதைந்தார்கள். பிழைக்க வழியில்லை என்று அறிவித்து, இரங்கல் செய்தியும் வந்தாயிற்று. ஆனாலும் தோண்டுவதை நிறுத்தவில்லை. ஆறு நாள் கழித்து, சுமார் 25 அடிக்குக் கீழே லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடந்தார். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அந்தச் செய்தியை இன்று படித்தாலும் மனசு கனத்துப்போகிறது. அங்கே யாராவது கெடு வைத்திருந்தால் அவரைக் கண்டே இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று நார்வேயில், 1999இல். பனிச்சறுக்கில் தவறி விழுந்த அன்னா பாகன்ஹோல்ம் என்ற மருத்துவர் உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். உடலின் உள்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது, இதயம் நின்றிருந்தது. டிரோம்சோ மருத்துவமனையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றித் திரும்பச் செலுத்தினார்கள். பிழைத்தார், மறுபடியும் மருத்துவராகவே வேலை பார்த்தார். மூச்சு நிற்கும் முன்பே உடம்பு நன்றாகக் குளிர்ந்துவிட்டால் மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆளை மெல்லக் கொல்லும் குளிரே இப்படிச் சில நேரம் காவலாகவும் நிற்கிறது. சூடேற்றிய பிறகும் உயிர் திரும்பவில்லை என்றால்தான் இறந்துவிட்டார் என்று சொல்லலாம் என்பது மலை மருத்துவர்களின் விதி.

ஆகவே என் பரிந்துரை: தாங்குநேரம்.

முன்பு தோட்டத்து டிரெஸர், அதாவது மருத்துவ உதவியாளர், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்றபடி, "இதுக்கு மேல உடம்பு தாங்காது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்பார். தாங்குவது நோயாளியின் உடம்பு. கெடுவை நீட்டுவது அதிகாரி. தாங்குநேரத்தை நீட்டுவது பனியில் கிடப்பவரும் அவருடைய கூட்டாளியும். 'ஈர உடையை மாற்றினால் தாங்குநேரம் கூடும்', 'காற்று படாமல் பனிக்குழி தோண்டி ஒடுங்கினால் தாங்குநேரம் கூடும்' என்று எழுதலாம். படிக்கிற பையனுக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

வகுப்பில் ஒரு சோதனை சொல்லித்தருகிறோம். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடவேண்டும். முடியவில்லை என்றால் குளிர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது. ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் வராது, பேச்சு குழறும், கால் பின்னும், சும்மா இருந்தவர் சிடுசிடுப்பார். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து. 32க்குக் கீழே போகும்போது நடுக்கம் அடங்கிவிடும். அதைப் பார்த்து 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று கூட இருப்பவர் நினைப்பதுதான் பெரிய அபாயம். கொர்புவில் மழையில் நனைந்து காற்றில் உட்கார்ந்தாலும் இது வரும். பனிதான் வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

*

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன காரணம் புரிகிறது. இரண்டு ஐயங்கள். ஆறு நாளை 'நேரம்' என்பது ஒட்டவில்லை. 'தாங்குகாலம்' என்று வைக்கலாமே? வினைத்தொகை, வல்லினமும் மிகாது, சொல்லவும் எளிது. அடுத்து, தேடுகிறவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. வானிலை கெட்டால் அவர்களும் திரும்பித்தான் ஆகவேண்டும். அதை எந்தச் சொல்லால் குறிப்பீர்கள்?

— கிள்ளான் டீச்சர்

*

டீச்சருக்கு வணக்கம்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் பெரிய கேள்வி. 2018 ஜனவரியில் பாகிஸ்தானின் நங்க பர்பத் சிகரத்தில் எலிசபெத் ரெவோல், டோமெக் மாட்ஸ்கேவிச் என்ற இரு மலையேறிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்போது அதே நாட்டின் கே2 சிகரத்தின் அடிவார முகாமில் இருந்த போலந்துக் குழுவிலிருந்து டெனிஸ் உருப்கோ, ஆடம் பியலெட்ஸ்கி முதலானவர்களை ஹெலிகாப்டர் தூக்கிவந்து நங்க பர்பத்தில் இறக்கியது. உருப்கோவும் பியலெட்ஸ்கியும் ராத்திரியோடு ராத்திரியாக 1,000 மீட்டருக்கும் மேலே ஏறி ரெவோலைப் பிடித்துவிட்டார்கள். டோமெக் இன்னும் மிக உயரத்தில், நடக்க முடியாத நிலையில் கிடந்தார். வானிலை கெட்டுக்கொண்டு வந்தது. அவரை விட்டுவிட்டு ரெவோலோடு இறங்க வேண்டியதாயிற்று.

அந்த முடிவை எடுக்க வைத்தது மேலே கிடந்தவருடைய தாங்குநேரம் மட்டும் இல்லை. ஏறுகிறவர்களின் உயிரும் வானிலையும் சேர்ந்து வைத்த எல்லை அது. அதற்கு உங்கள் கெடுவே பொருத்தம்: 'தேடல் கெடு'. அதை மனிதர்கள் வைக்கிறார்கள், மனிதர்களே பொறுப்பேற்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், தேடலை நிறுத்திய நாளையே இறந்த நாளாக வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். இது நடக்கக்கூடாது.

காலமா நேரமா என்பதில் நான் நேரத்தின் பக்கம்தான். காலம் என்றால் மழைக்காலம், பரீட்சைக் காலம் மாதிரி கை தானாகத் தளர்ந்துவிடும். பனிச்சரிவில் 15 நிமிடத்துக்குள் தோண்டவேண்டியவன் படிக்கும் புத்தகம் இது. ஆறு நாள் என்பது அபூர்வம். அதை '144 மணி நேரம்' என்றே எழுதுவோம்.

அப்புறம் ஒன்று பாக்கி. குளிரில் விறைத்துக் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தி நடக்கவைத்தால், மீட்ட சில நிமிடத்தில் இதயம் நின்றுபோவதுண்டு. ஆளைப் படுத்தவாக்கில், அசைக்காமல் கொண்டுவரவேண்டும், கைகாலைத் தேய்க்கக்கூடாது, சாராயம் கொடுக்கவே கூடாது. இந்த நிலைக்கு 'மீட்புச் சரிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மலைப் புத்தகத்தில் சரிவு என்றால் எல்லாரும் மலைச்சரிவைத்தான் நினைப்பார்கள். நான் 'மீட்புத் துவளல்' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் யாராவது சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது.