அறிக்கையில் இருந்த ‘3+’

அம்மாவின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவின் அறிக்கையில் ‘ஹெர்2: 3+’ என்று இருந்ததைக் கண்டு, நோய் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டதென்று எண்ணி அன்றிரவு முழுவதும் நான் உறங்கவில்லை. மறுநாள் மருத்துவர், அந்த எண் நோயின் நிலையைக் குறிப்பதன்று, செல்லின் மேற்சவ்வில் ஹெர்2 என்னும் புரதம் எவ்வளவு அழுத்தமாகச் சாயமேறித் தெரிகிறது என்பதைக் குறிப்பது என்று விளக்கினார். வளரச் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும் இப்புரதம், அதன் மரபணு பல படிகளாகப் பெருகிவிட்ட கட்டிகளில் அளவுக்கு மிஞ்சி உருவாகி, ஒன்றோடொன்று இணைந்து அச்செய்தியை ஓயாமல் அனுப்புகிறது. 2+ என்று வந்திருந்தால் மரபணுவின் படிகளையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை தேவைப்பட்டிருக்கும். இம்மரபணுப் பெருக்கம் உள்ளவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்று டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987-இல் காட்டினர். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப், அப்புரதத்தையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ சோதனை செய்த பின்னரே அம்மாவுக்கு அதைத் தொடங்கினார்கள்.

மறுமொழி:
இப்படி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு கலங்கியது எனக்கு ஆய்வகத்தில் நேர்ந்தது. எம்சிஎஃப்-7 என்பவை, அமெரிக்கக் கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட மார்பகப் புற்றுசெல்கள். இவற்றில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தன் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்ததும் சைக்ளின் டி1 என்னும் புரதம் பெருகும். அது சிடிகே4, சிடிகே6 நொதிகளோடு கூடி, செல் இரண்டாகப் பிரிவதைத் தடுத்து நிற்கும் ஆர்பி புரதத்தின் பிடியைத் தளர்த்தும். ஆகவே ஈஸ்ட்ரோஜனை நிறுத்தினால் செல்கள் தயங்க வேண்டும். என் தட்டுகளிலோ அவை மூன்று வாரமும் செழித்து வளர்ந்தன! என் கைப்பிழை என்றே நம்பியிருந்தேன். வளர்ப்பு ஊடகத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயத்தில் கலந்திருக்கும் மாசு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும் என்பதை, 1980-களிலேயே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். சாயமற்ற ஊடகத்துக்கு மாறி, அதில் சேர்க்கும் சீரம் என்னும் இரத்த நீரையும் ஹார்மோன்கள் நீங்கக் கரித்தூளால் வடித்த பின் வளர்ச்சி தளர்ந்தது. உங்கள் அம்மாவின் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற வரியும் இருந்திருக்குமே?

மறுமொழி:
இருந்தது, நெகடிவ் என்று; அதாவது அந்த ஏற்பி அம்மாவின் கட்டியில் இல்லை. அந்த ஏற்பியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் தமாக்சிஃபென் மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தருகிறார்களே, தனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இன்று மாலை அந்த வரியைக் காட்டிச் சொல்கிறேன்.