டெல்லி கணேஷ்: எங்கே, எப்படிப் பார்த்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

மாம்பலத்தான்:

நேற்று ராத்திரி டிவியில் 'சிந்து பைரவி' போட்டார்கள். பாதியில் எழுந்து போகலாம் என்று உட்கார்ந்தவன் கடைசி வரை நகரவில்லை. 1985 படம். மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ். குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக அவரை ஒதுக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கதாநாயகனான பாடகர் ஜேகேபி (சிவகுமார்) 'மகா கணபதிம்' பாடுவார். எல்லோரும் யேசுதாஸ் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள், நியாயம்தான். ஆனால் பிற்பாதியில் அதே ஜேகேபி குடியில் விழும்போது எனக்கு ஞாபகம் வருவது முதலில் அவமானப்பட்டுப் போன அந்த மிருதங்கக்காரரின் முகம். பாலசந்தர் போட்ட கணக்கு அது, சரி. அந்த முகம் நம் மனதில் தங்கியிருந்தால்தானே கணக்கு நேராகும்?

மனுஷர் 2024 நவம்பரில் போனபோது எல்லா சேனலும் 'நானூறு படங்களுக்கு மேல்' என்று சொல்லிவிட்டு நாலு காமெடி கிளிப்பைப் போட்டு முடித்துக்கொண்டன. நாம் அப்படி விட வேண்டாம். மேடையிலோ தியேட்டரிலோ வீட்டு டிவியிலோ, எங்கே பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். செல்ஃபி எடுத்த கதை வேண்டாம்.

கரோல்பாக் மாமி:

நான் எழுதாவிட்டால் எப்படி! அந்தக் காலத்தில் டெல்லி கரோல்பாகில் தடுக்கி விழுந்தால் தமிழ்க் குடும்பம்தான். அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு என்றால் தமிழ் நாடகம். தட்சிண பாரத நாடக சபா என்று ஒரு குழு, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் ஒத்திகை. டெல்லி கணேஷ் அங்கிருந்து வந்தவர். 1964லிருந்து பத்து வருஷம் விமானப்படையில் இருந்துகொண்டே நாடகம் போட்டிருக்கிறார். நான் அப்போது சின்னப் பெண், எந்த நாடகத்தில் யார் என்ன வேஷம் என்றெல்லாம் தெரியாது. மேலே கயிற்றில் தொங்கும் மைக்கும், வசனம் பேச வேண்டியவர் பேச்சோடு பேச்சாக நகர்ந்து சரியாக அதற்குக் கீழே வந்து நிற்பதும்தான் ஞாபகம். கோபத்தில் கத்த வேண்டிய ஆள்கூட முதலில் மைக்கைத் தேடித்தான் போவார்!

பின்னால் அவர் நடித்த 'பட்டினப் பிரவேசம்' படம் வந்தபோது அப்பாவுக்கு ஒரே பெருமை, "நம்ம டெல்லி ஆளு" என்று. பிறந்தது வல்லநாடு என்பதெல்லாம் அப்பாவிடம் எடுபடாது. 'டெல்லி கணேஷ்' என்ற பெயரை வைத்ததே பாலசந்தர்தானாம். 'பட்டினப் பிரவேசம்' முதலில் விசு எழுதி, காத்தாடி ராமமூர்த்தி குழு மேடையேற்றிய நாடகம். 1977ல் படமாக வந்தது.

பொருநைக்காரன்:

மாமி, வல்லநாட்டை விட்டுக் கொடுக்க முடியாது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வெளிமான் சரணாலயம் இருக்கிற அதே ஊர். நாங்கள் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "டெல்லி கணேஷ் ஊருல்லா இது" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பேரில் டெல்லி, ஊர் வல்லநாடு, பேசிப் பேர் வாங்கியது பாலக்காட்டுத் தமிழ். கேட்டால் எங்கள் தாத்தாவுக்கு எரிச்சலாக வரும்.

இலைக்காரர் மருமகன்:

பாலக்காடு என்றதும் எழுதத் தோன்றியது. என் தாய்மாமா கல்யாண சமையல் காண்ட்ராக்டர், அசல் பாலக்காட்டுக்காரர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பார்க்க எங்கள் வீட்டுச் சிறுசுகள் அவரை இழுத்துக்கொண்டு போனோம். சினிமாவில் சமையல்காரனைக் காட்டினாலே கேலிதான் பண்ணுவார்கள் என்று உம்மென்று வந்தார். டெல்லி கணேஷ் செய்த சமையல்காரர் பாலக்காடு மணி ஐயர் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சாம்பாரில் மீன் விழுகிற இடத்தில் தியேட்டரே உருளுகிறது, மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது காமெடியே இல்லை! பந்தியில் ஜனம் உட்கார்ந்திருக்கிறது, சாம்பாரில் மீன், இதைவிடப் பெரிய ஆபத்து அவர் தொழிலில் கிடையாது. "பாவம்டா அந்த மனுஷன்" என்றார். கிரேசி மோகன் வசனத்துக்குச் சிரிக்காத ஒரே ரசிகர் என் மாமாவாகத்தான் இருப்பார்.

யோசித்துப் பார்த்தால் டெல்லி கணேஷும் அந்தக் காட்சியைக் காமெடியாகச் செய்யவில்லை. மானம் போகப் போகிறதே என்ற நிஜமான பதற்றத்தில்தான் இருக்கிறார். கமலும் அதே தமிழ்தான் பேசுகிறார், பிரமாதமாகவே பேசுகிறார், ஆனால் அது கமல் பேசும் பாலக்காட்டுத் தமிழ். மணி ஐயருடையது மணி ஐயர் பேசுவது. அடிக்க வராதீர்கள், என் அபிப்பிராயம்.

மாம்பலத்தான்:

அடிக்க மாட்டேன், ஒரு படம் சேர்த்துக்கொள்கிறேன். 'நாயகன்' (1987). வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது, மொழிபெயர்ப்பது டெல்லி கணேஷ் செய்த ஐயர். இன்னொருத்தர் பேச்சைத் தன் வாயால் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? கொஞ்சம் கூடினால் நாயகனை மறைத்துவிடும், குறைந்தால் கம்பம் மாதிரி நிற்க வேண்டியதுதான். டெல்லியில் கழித்த வருஷங்கள் அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

ரிக்‌ஷா ஸ்டாண்டு:

எல்லோரும் ஐயர் வேஷத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'பசி' பார்த்தவர்கள் இங்கே யாருமே இல்லையா? துரை இயக்கி 1979ல் வந்த படம், ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதில் அவளுக்கு அப்பா டெல்லி கணேஷ், ரிக்‌ஷாக்காரர். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்ததும் இந்தப் படத்துக்காகத்தான். மெட்ராஸ் பாஷை பேசுகிறேன் என்று வாயைக் கோணிக்கொண்டு நடிக்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருவில் ரிக்‌ஷா ஸ்டாண்டு இருந்தது, எனக்கு அந்த ஆட்களைத் தெரியும். குடி, கோபம், அப்புறம் பிள்ளைகள் முன்னால் தலை தொங்குவது எல்லாம் அப்படியே. மணி ஐயரையும் இந்த அப்பாவையும் ஒரே நாளில் பாருங்கள். இவருக்கு சாதுவான ஐயர் வேஷம்தான் வரும் என்று முத்திரை குத்தியவர்கள் சோம்பேறிகள். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வில்லன் கும்பலிலும் இருந்தாரே, அதையும் மறந்துவிட்டார்களா?

சீரியல் உதவி:

நான் சீரியல்களில் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன். அவரோடு வேலை செய்ய எனக்கு அமையவில்லை, அதனால் நேரில் பார்த்ததாகக் கதை விட மாட்டேன். ஆனால் நாடகத்திலிருந்து சீரியலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லலாம். சீரியல் ஷூட்டிங் என்றால் ஒரு நாளைக்கு அத்தனை சீன் முடிக்க வேண்டும், பேப்பர் அப்போதுதான் கைக்கு வரும். பல பேருக்குக் கேமராவுக்குப் பின்னால் நின்று நாங்கள் வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் காது எங்கள் பக்கம் இருக்கும், கண் எதிரில் பேசுகிறவர் பக்கம் போகவே போகாது. நாடகக்காரர்கள் ஒரு தடவை கேட்டால் போதும், இரண்டு பக்கம் ஒப்பிப்பார்கள். அதனால் எதிராளி பேசுவதைக் கேட்க அவர்களுக்கு நேரம் மிச்சம். ராதிகாவின் 'செல்லமே'யில் டெல்லி கணேஷைக் கவனித்தால் நான் சொல்வது புரியும். மற்றவர் பேசும்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும்.

நடிகர் சம்பளத்தில் நாடகக்காரருக்கு எப்போதும் கடைசி வரிசை என்பது வேறு விஷயம். நான் இருந்த கம்பெனியில் அதற்கும் அலைய விட்டார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது.

பொடியன்99:

அங்கிள்ஸ், நான் அவரை முதலில் பார்த்தது யூடியூபில். பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி என்று ஒரு காமெடி வீடியோ, அதில் ஆல்ஃபிரட் இவர்தான். அதைப் பார்த்துத்தான் யார் இந்தத் தாத்தா என்று தேடிப் பழைய படங்களுக்குப் போனேன். 'பசி' எங்கே பார்க்கலாம்?

ரிக்‌ஷா ஸ்டாண்டு:

நல்ல பிரிண்ட் கிடைப்பது கஷ்டம் தம்பி. கிடைத்ததைப் பார். அப்பா வருகிற காட்சிகளைத் தள்ளிவிட்டுப் போகாதே.

கரோல்பாக் மாமி:

அவர் உடலுக்கு விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செய்ததை டிவியில் காட்டினார்களே, பார்த்தீர்களா? அப்பா இருந்திருந்தால் "டெல்லி ஆளு" என்று மறுபடி ஆரம்பித்திருப்பார். அது இருக்கட்டும், 'ஔவை சண்முகி' சேதுராம ஐயரைப் பற்றி ஒருத்தர்கூட எழுதவில்லையே?