ஜப்பான் ஆச்சிமாரும் வாசலில் நிற்கும் நம் சாமிகளும்

ஜப்பானுக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது புல்லட் ரயிலைப் பற்றி. அடுத்தது செர்ரிப் பூ. பூக்காலத்தில் நாங்கள் போகவில்லை, ஒக்டோபரில்தான் போனோம். ரயில் வேகமாகத்தான் ஓடுகிறது, ஃபூஜி மலை வரும் நேரம் பார்த்து முகில் மூடிவிட்டது, அவ்வளவுதான். எனக்குச் சொல்ல இருப்பது அங்கே சந்தித்த சில வயதானவர்களைப் பற்றியும், கோயில்களில் எதிர்பாராமல் கண்ட தெரிந்த முகங்களைப் பற்றியும்.

மகள் குடும்பம் டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில் இருக்கிறது. வார நாட்களில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், மூன்று வயதுப் பேத்தி பிள்ளைகள் காப்பகத்துக்கு. எந்த நாளில் எரியும் குப்பை, எந்த நாளில் பிளாஸ்டிக் என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிப்பதுதான் எங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இங்கேயும் ஒரு நேரசூசி கிடைத்துவிட்டது என்று மனைவிக்குச் சிரிப்பு.

அந்த நாட்களில்தான் விஜயதசமி வந்தது. பேத்திக்கு ஏடு தொடக்க வேண்டும், கோயிலில்தான் தொடக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உவேனோவில சரஸ்வதி இருக்கிறா அம்மா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. டோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஷினோபசு குளத்துக்கு நடுவே இருக்கும் சிறு தீவில் பென்சைதெனுக்கு ஒரு கோயில். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் பௌத்தத்தோடு ஜப்பானுக்கு வந்து சேர்ந்த சரஸ்வதிதான் இந்தப் பென்சைதென். பெரும்பாலும் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் அவளுக்குக் கோயில் கட்டுகிறார்கள். வீணைக்குப் பதிலாகப் பிவா என்ற நரம்பு வாத்தியம். உவேனோவில் அந்தப் பிவாவைப் பெரிதாகச் செய்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய கோயில் 1945இல் குண்டுவீச்சில் அழிந்து, 1958இல் திரும்பக் கட்டியதாம். குண்டு விழுந்த கோயில்களைத் திரும்பக் கட்டிய ஊரிலிருந்து போனவன் நான், அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

கோயிலைச் சுற்றி நிற்கும் நினைவுக் கற்களையும் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு ஒன்று, சமையல் கத்திக்கு ஒன்று, விஷமுள்ள ஃபுகு மீனைத் தின்கிறோமே என்று அந்த மீனுக்கு ஒன்று. தின்றுவிட்டுக் கல் நாட்டுவதா என்று மனைவி கேட்டார். தின்றுவிட்டு மறந்துபோவதைவிடப் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது.

சரி, ஏட்டுக்கு வருகிறேன். குளக்கரை வாங்கில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் அரிசியைப் பரப்பி, பேத்தியின் விரலைப் பிடித்து 'அ' எழுதினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதக் காட்டிய கைதான், அன்றைக்கு ஏனோ கொஞ்சம் நடுங்கியது. பக்கத்து வாங்கில் இருந்த ஒரு ஜப்பான் ஆச்சி எழுந்து வந்து மகளிடம் என்னவென்று விசாரித்தார். மகள் சொன்னதும் கோயிலைக் காட்டி, பேத்தியைக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். பென்சைதென் படிப்புக்கும் இசைக்கும் உரியவள், இடம் பொருத்தமாக இருக்கிறது என்றாராம். பிறகு கைப்பைக்குள் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார். குரு நான், தட்சணை பேத்திக்கு.

அதன்பிறகு மருமகன் லீவு போட்டு எங்களை நாரா, கியோத்தோ பக்கம் கூட்டிப்போனான். நாராவில் மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு ஒன்று மட்டும்: கையில் வரைபடம் வைத்திருந்தால் உள்ளே வைத்துவிடுங்கள், கடித்துவிடும்.

தோதாய்ஜி கோயிலில் ஊர் சுற்றிக் காட்டும் தொண்டர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஆறுதலாக ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலம் பேசினார். இலங்கை என்றேன், தலையசைத்தார். தமிழ் என்றேன். உடனே நின்று "ஓனோ! ஓனோ சென்செய்!" என்றார். சென்செய் என்றால் ஆசிரியர். எனக்குப் புல்லரித்துவிட்டது. மொழியியல் பேராசிரியர் சுசுமு ஓனோவைத்தான் சொல்கிறார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடியவர். அந்த ஆராய்ச்சியில் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். ஜனவரி நடுவில் ஜப்பானில் சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை ஓனோ நம் தைப்பொங்கலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மொழியியல்காரர் பெரும்பாலானோர் அவர் முடிவை ஏற்கவில்லை, எனக்கும் முழுதாக நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெயரால் எங்களுக்கு அரை நாள் ஒரு நண்பர் கிடைத்தார்.

தோதாய்ஜியின் புத்தர் சிலை பதினைந்து மீற்றர் உயரம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழுத்துத் தானாக நிமிர்கிறது. இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. பழையதைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கட்டியும் இவ்வளவு பெரிது. 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்தவர். அவர் பிடித்த தூரிகையிலிருந்து நீண்ட கயிறுகள் போயினவாம், கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாங்களும் கண் திறந்த புண்ணியத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்னும் இருக்கின்றன. "அந்த ஆள் பிறகு ஊருக்குத் திரும்பினாரா?" என்று மனைவி கேட்டார். இல்லை, 760இல் நாராவிலேயே இறந்துவிட்டார் என்றார் தொண்டர். மனைவி மகளைப் பார்த்தார். மகள் மானைப் பார்த்தாள்.

மண்டபத்துக்கு வெளியே வலப்பக்கம் சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரச் சிலை இருக்கிறது. பிண்டோல பாரத்துவாஜர், புத்தரின் சீடர்களில் ஒருவர். உடம்பில் எங்கே நோவோ அவர் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டு, பிறகு நம்முடையதைத் தொட வேண்டும். முழங்காலுக்கு ஒரு வரிசையே நின்றது, எல்லோரும் எங்கள் வயதுக்காரர். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா தன் முழங்காலைக் காட்டி, என் மனைவியின் முழங்காலைக் காட்டி, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் கதை தேவைப்படவில்லை.

கியோத்தோவில் பலரும் தங்கக் கோயிலுக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் சஞ்சூசங்கென்தோ மண்டபத்துக்கு முதலில் போங்கள். நூற்றிருபது மீற்றர் நீள மர மண்டபம், உள்ளே 1001 கன்னோன் சிலைகள், படிப்படியாக வரிசையில். கன்னோன் என்பது பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர். ஆயிரம் முகங்களுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. அங்கேதான் மனைவிக்கு உற்சாகம் வந்தது. இதோ பிரமன், இதோ இந்திரன், இது என்ன, கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறாரே! பெயர்ப்பலகையில் சமஸ்கிருதப் பெயரும் போட்டிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. நம் ஊரில் கருவறையிலும் பிரகாரத்திலும் இருப்பவர்கள் இங்கே வந்து புத்தருக்கு வாயில்காப்போராக நிற்கிறார்கள். மனைவிக்கு அதில் சிறு மனத்தாங்கல். "வெளிநாடு வந்தால் எல்லோருக்கும் முதல் வேலை செக்கியூரிட்டிதானே" என்றான் மருமகன். அவன் சித்தப்பா லண்டனில் அப்படித்தான் தொடங்கினார்.

சாப்பாடு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், சைவக்காரர் பலர் இதற்காகவே பயப்படுகிறார்கள். மீன், இறைச்சி போடாத நூடுல்ஸ் என்று வாங்கினாலும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்ததாக இருக்கும். மனைவி சோறும், நிஷிகசாயில் இந்தியக் கடையிலிருந்து மகள் வாங்கி வைத்த ஊறுகாயும் என்றே பல வேளை ஓட்டினார். அந்தக் குறை தீர்ந்தது கோயாசானில்.

கோயாசான் எண்ணூறு மீற்றருக்கு மேலே மலையில் இருக்கும் கோயில் ஊர். கடைசிப் பகுதி செங்குத்தான கேபிள் கார். கூகாய் என்ற துறவி 816இல் அரசரிடம் கேட்டு வாங்கிய இடம். இன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள், ஐம்பதளவில் தங்க இடமும் தருகின்றன. இரவுச் சாப்பாட்டில் மீன் இல்லை, வெங்காயம், உள்ளி கூட இல்லை. எள்ளில் செய்த வெண்ணெய் போன்ற ஒரு தோஃபு, பனியில் உறையவைத்துக் காயவைத்த இன்னொரு தோஃபு, காட்டுக் கீரை. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. மனைவி கிண்ணங்களைத் துடைத்து வைத்தார். பொதுக் குளியல் அறைக்கு மட்டும் இருவரும் போகவில்லை, அதை விடுங்கள்.

விடியற்காலை மந்திரம் ஓதுகிறார்கள், தீ வளர்த்து ஆகுதி போடுகிறார்கள். கண்ணை மூடினால் நல்லூர்ப் பக்கம் எங்கோ இருப்பது போலத்தான். அதைவிட ஒன்று என்னை உலுக்கியது. இங்கே ஒரு தியானம் உண்டு, சுவரில் தாமரைமேல் எழுதிய ஒரே ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எழுத்து 'அ'. சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் எழுதியது. நம் எழுத்தைப் போலவே பிராமியிலிருந்து வந்தது. இளம் பிக்கு ஒருவர் மூச்சை எப்படி விடுவது என்று காட்டினார். என் மனம் எங்கே மூச்சில் நின்றது? அரிசிமேல் பேத்தியின் விரல்தான் வந்து வந்து போனது. பிக்குவிடம் மகள் வழியாக அதைச் சொன்னேன். அது பிழையில்லை என்றார்.

மலையின் உள்ளே ஒகுனோயின் மயானம். இரண்டு கிலோமீற்றர் பாதை, வானம் தெரியாத தேவதாரு போன்ற மரங்கள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். கோப்பிக் கம்பனி ஒன்று கோப்பிக் கோப்பை வடிவில் நினைவுக்கல் வைத்திருக்கிறது. கறையான் ஒழிக்கும் தொழில்காரர்கள் கறையான்களுக்கே ஒன்று நாட்டியிருக்கிறார்கள். கோடியில் கூகாயின் இடம். 835இல் அவர் இறக்கவில்லை, தியானத்தில்தான் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் இன்றும் தினமும் இருவேளை பிக்குகள் மரப்பெட்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கடைசிப் பாலம் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது.

கிராமம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மகள் தேர்ந்தெடுத்தது அதே சைத்தாமாவின் மேற்கு மூலையில் இருக்கும் சிச்சிபு. முப்பத்துநான்கு கன்னோன் கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரை அங்கே உண்டு. நாங்கள் சிலவற்றைத்தான் பார்த்தோம். நான்காவது கோயில் கின்ஷோஜி மட்டும் மறக்காது: சரிவெல்லாம் 1300க்கும் மேற்பட்ட கற்சிலைகள், பாசி பிடித்து, சில தலையில்லாமல். நடுவே குழந்தைக்குப் பால் கொடுக்கும் கன்னோன். இந்த நாட்டுக் கோயில்களில் நான் பார்த்த அத்தனை சிலைகளிலும் அதுதான் வடிவு.

கோயிலிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் ஆளில்லாத மரக்கறித் தட்டுகள். முள்ளங்கி, பூசணி, பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பெட்டி, நூறு யென். யாரும் பார்க்கவில்லை, காசும் குறைவதில்லை. ஆனால் மனிதர்களும் குறைவுதான். வீட்டுக்கு வீடு பழுத்துத் தொங்கும் காக்கி என்ற செம்மஞ்சள் பழங்கள், பறிக்க ஆளில்லை. விட்டால் கரடி வரும் என்பதால் பறித்துவிடச் சொல்கிறார்களாம். யன்னல்கள் அடைத்த வீடுகள், வளவுக்குள் ஆளுயரப் புல். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் 90 இலட்சம் வீடுகளில் ஆளில்லை. எங்கள் ஒழுங்கையிலும் கனடாக்காரர் வீடு, லண்டன்காரர் வீடு என்று பூட்டிய கேற்றுகளுக்கு உள்ளே மாங்காய் விழுந்து அழுகுகிறது. கரடி மட்டும்தான் இல்லை.

ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு ஆச்சி காக்கிப் பழங்களைத் தோல் சீவி, கயிற்றில் கோர்த்து, தாழ்வாரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எண்பது தாண்டியிருக்கும். பேத்தி போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆச்சி எங்களைக் கூப்பிட்டுத் தாழ்வாரத்தில் இருத்தி, பச்சைத் தேநீர் ஊற்றி, முள்ளங்கி ஊறுகாய் வைத்தார். தேநீருக்கு ஊறுகாயா என்று நினைத்தேன், நன்றாகத்தான் இருந்தது. மகன் டோக்கியோவிலாம். ஆவணிப் பக்கம் முன்னோருக்குப் படைக்கும் ஒபோனுக்கு வருவான், புதுவருடத்துக்கு வருவான். அடுத்த வீடு பூட்டி ஆறேழு வருடமாம். அந்த வளவுப் பழங்களையும் தான்தான் பறிக்கிறாராம்.

பிறகு என் மனைவியைக் காட்டி மகளிடம் ஏதோ கேட்டார். மகள் தயங்கினாள்.

"என்னவாம்?" என்றார் மனைவி.

"இனி என்னோடயே இருக்கப்போறீங்களா எண்டு கேக்கிறா."

மகள் பல தடவை எங்களிடம் கேட்ட கேள்விதான் அது. மனைவி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "தென்னைக்குத் தண்ணி விட ஆளில்லை, கோழியும் பக்கத்து வீட்டில நிக்குது, அங்க நான் இல்லாட்டி வீடு பாழாப்போகும் எண்டு சொல்லு" என்றார். மகள் அதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, ஆச்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இப்ப என்னவாம்?"

"அவவும் மகனுக்கு இதைத்தான் சொல்லுறவவாம். கோழிக்குப் பதிலா முள்ளங்கியாம்."