புதுப்பிப்பு: அந்தக் கிரேக்க ஜாடி அப்புறம் என்ன ஆனது?

1972-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பண்டைய கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியோஸ் ஓவியம் தீட்டிய ஜாடியை தொல்பொருள் வியாபாரி ராபர்ட் ஹெக்டிடம் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய கதையை முன்பு எழுதியிருந்தேன். "சரி, அப்புறம்?" என்று கேட்டவர்களுக்காக இது.

ஜாடி தன் மண்ணில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டது என்று இத்தாலி உரிமை கோரிவந்தது. 2006-இல் இத்தாலியுடன் ஒப்பந்தம் ஆனது. ஜாடி, சிசிலித் தீவின் பழைய நகரான மோர்கன்டினாவின் வெள்ளிப் பாத்திரங்கள் உட்பட 21 பொருட்களைத் திருப்பித் தர அருங்காட்சியகம் சம்மதித்தது. ஈடாக, அதே தரத்துப் பொருட்களை இத்தாலி நான்கு ஆண்டுகள் வரை இரவல் தரும். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே வாங்கியதான குற்றச்சாட்டை மறுக்கும் ஒரு வரியும் ஒப்பந்தத்தில் உண்டு! என்னைக் கேட்டால், பேரத்திலேயே கெட்டிக்காரத்தனமான இடம் இந்த இரவல்தான்: உரிமை போனாலும் கண்ணாடிப் பெட்டி காலியாகாது.

2008 ஜனவரியில் ஜாடி இத்தாலி திரும்பியது. இப்போது ரோமுக்கு அருகிலுள்ள செர்வெத்தேரி ஊரில் இருக்கிறது. ஹெக்ட் மீதான தொல்பொருள் கடத்தல் வழக்கோ, காலவரம்பு கடந்ததால் 2012-இல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது.