முகப்போடு திரும்பிவிடும் ஆய்வுகள்: செட்டிநாட்டில் பார்த்தவை, கேட்டவை

பள்ளத்தூர்க்காரி:

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஊர் காட்டவும் பேச்சைப் புரியவைக்கவும் கூடப் போவேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கொத்தமங்கலம் பக்கம்தான் அதிகம். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய பிறகு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

நம்ம ஊர் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வருகிறவர்கள் முகப்பில் உட்கார்ந்து பர்மா தேக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டைத் திறந்து, பெருக்கி, கரையான் ஏறாமல் காக்கிற பெண்கள் பின்தெரு வழியாக வந்து போய்விடுவார்கள். அவர்களுக்குக் கூலி என்ன, உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று யாரும் கேட்டு நான் மொழிபெயர்த்ததில்லை.

மறக்க முடியாதது ஊரணி ஆய்வு. மழைநீரைச் சேமிக்க நம் முன்னோர் கண்ட வழி என்று பெருமையாக எழுத வந்தவர்கள். கொள்ளளவு, வரத்துக்கால், படிக்கட்டு எல்லாம் எடுத்தாயிற்று. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஆழத்தக் கேக்குறீக, அகலத்தக் கேக்குறீக. எங்கள எறங்க விட்டாகளான்னு கேக்க மாட்டேங்குறீகளே ஆத்தா.” அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர்கள் தெருப் பெண்கள் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று காத்து நிற்க வேண்டுமாம். வெயிலில் அரை நாள்கூட நின்றிருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது ஆய்வாளர், “பாவம்தான், ஆனால் நம் தலைப்பில் வராதே” என்றார். தண்ணீரைப் பற்றிய ஆய்வில் தண்ணீர் யாருக்குக் கிடைத்தது என்பது வராது! நல்ல மனிதர்தான், அந்தப் பாட்டிக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்கள் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

தறிவீட்டுப் பிள்ளை:

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் நெசவாளர் சங்க உறுப்பினர் அப்பா. தார் சுற்றுவது (ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவது), அறுந்த இழையைப் பிணைப்பது எல்லாம் அம்மா. அப்பா களைத்து எழுந்தால் தறியில் உட்காருவதும் அம்மாதான். கூலி அப்பா பெயரில் வரும்.

ஏதோ திட்டத்துக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தார். மனைவி என்ன செய்கிறார் என்று அப்பாவிடம் கேட்டார். “அது வீட்லதான் இருக்கு” என்றார் அப்பா. உள்ளே ராட்டை ஓடுகிற சத்தம் எழுத வந்தவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டு போனார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்று வந்தது. படிக்கச் சந்தோஷமாக இருக்கும். அதில் பெரும்பங்கு வடகிழக்கு மாநிலங்களின் கணக்கு. எங்கள் அம்மா அதில் இருக்கிறாரா என்பது கணக்கெடுக்க வந்தவர் வாசலில் யாரிடம் கேட்டார் என்பதைப் பொறுத்தது.

கல்லல் பக்கத்து ஆள்:

2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும். எனக்கும் அந்த மரத்தின்மேல் பாசம் கிடையாது, கண்மாயைப் பாழாக்கியது அது. ஆனால் நம் மாவட்டத்தில் சொந்த நிலமில்லாத எத்தனையோ குடும்பங்கள் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடித்தன. முள் குத்திய கையோடு விறகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊர்க் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாம் நிலம் உள்ள ஆண்கள். ஓரமாக நின்ற ஒரு அக்கா, “மரத்த எடுத்துட்டா பதிலுக்கு என்ன வேல குடுப்பீக?” என்று கேட்டார். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பட்டா கதையும் இதேதான். புருஷன் சிங்கப்பூரில், நாற்று நடுவதிலிருந்து கதிர் அறுப்பதுவரை அவள் பாடு, பட்டா மாமனார் பெயரில். மத்திய அரசின் பி.எம். கிசான் உழவர் உதவித் திட்டம் வருஷத்துக்கு 6,000 ரூபாய் தருவது நில உரிமையாளருக்குத்தான். விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவருக்கும் அது கிடையாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்திய அளவில் பெண்கள் நடத்துவதாகப் பதிவான கைப்பற்றுகள், அதாவது ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் நிலங்கள், நூற்றுக்குப் பதினான்குதான்.

திருமயத்திலிருந்து:

எல்லாமே மோசம் என்று எழுதாதீர்கள். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். என் அத்தை பாவாடையைச் செருகிக்கொண்டு ஓட்டியதை ஊரே கேலி செய்தது, அப்புறம் அதே ஊர்தான் அவளிடம் மருந்து வாங்கிவரச் சொல்லி அனுப்பியது. கல் குவாரிகளைக்கூடப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கல் உடைக்கிறவள் யார் என்று பார்த்துத் திட்டம் போட்டதால் நடந்தது அது.

பள்ளத்தூர்க்காரி:

சரிதான் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு நாள் வேலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதற்குப் போனவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். வேலையிடத்தில் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. நான் போன இடங்களில் தூளி வேப்ப மரத்தில்தான் ஆடியது, ஆட்டியது பெத்தவள்தான்.

தறிவீட்டுத் தம்பிக்கு ஒன்று. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பற்றிக் கேட்கும்போது அப்பாவைப் பதில் சொல்ல விடாதே. குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உழைத்தாலும் கணக்கெடுப்பு விதிப்படி அது வேலைதான், தார் சுற்றுவதும் அதில் சேரும். வருஷத்தில் ஆறு மாசத்துக்குக் குறையாமல் செய்தால் முதன்மைத் தொழிலாளர் என்றே பதிய வேண்டும். வருகிறவர் வேறு மாதிரி எழுதினால் அங்கேயே திருத்தச் சொல். கூச்சப்படாதே.