பொது இடத்தில் எந்தப் பேனாக்கத்தியை எடுப்பது?

நீலப்பை எழுதியது:

நண்பர்களே, என்னிடம் மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஒன்று, கறுப்புப் பூச்சு போட்ட பிளேடு. கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிளேடு 9 செ.மீ. இரண்டாவது, ஒப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மரப்பிடி போட்ட 8-ஆம் எண் கத்தி. மூன்றாவது, மடக்கினால் 91 மி.மீ. வரும் விக்டோரிநாக்ஸ், அதாவது பல கருவிகள் சேர்ந்த சுவிஸ் கத்தி, வழக்கமான சிவப்புப் பிடி.

வீட்டில் எதை எடுத்தாலும் பிரச்சினை இல்லை. வெளியே, தெரியாத ஆட்கள் நடுவில்தான் குழப்பம். போன வாரம் ரயிலில் எதிரே இருந்த அம்மா பையில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்க்க முடியாமல் தவித்தார். கறுப்புக் கத்தியைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்கே அவர் மடியில் இருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். கயிறு அறுந்தது, நன்றியும் சொன்னார், ஆனால் இறங்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டுவதில் மூன்றிலும் கறுப்புதான் கெட்டி. ஆனாலும் யாரும் பயப்படாமல் இருக்க வேண்டும். நீங்கள் வெளியே எதை எடுத்துப் போகிறீர்கள்? கத்தியின் தோற்றம்தான் காரணமா, எடுக்கும் விதமா?

---

ஊசிநூல் எழுதியது:

கத்தரிக்கோல். நிஜமாகத்தான் சொல்கிறேன். நூல், கயிறு, பிளாஸ்டிக் உறை, விலைச்சீட்டு என்று வெளியில் நாம் வெட்டுவதில் பாதிக்குமேல் இவைதான். விக்டோரிநாக்ஸ் கிளாசிக் என்று ஒரு குட்டி இருக்கிறது, மடக்கினால் 58 மி.மீ. தான். சின்னப் பிளேடும் ஒரு கத்தரிக்கோலும் உண்டு. சாவிக்கொத்தில் தொங்கும். அதை எடுத்து யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

---

மீட்டர்முள் எழுதியது:

மருத்துவக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை, ஒட்டுநாடா என்று எல்லாவற்றையும் நோயாளிகளும் கூட வந்தவர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் வெட்ட வேண்டியிருக்கும். அவர்கள் ஏற்கெனவே கலங்கிப்போய் இருப்பவர்கள். என்னால் அவர்களுக்கு இன்னொரு பதற்றம் வரக்கூடாது என்று நினைப்பேன். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் மூன்றில் சிவப்புப் பிடிதான். முதல் காரணம் அது திறக்கும் வேகம். கறுப்புக் கத்தி கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துவிடுகிறது. எதிரே இருப்பவருக்கு 'இது எதற்கு' என்று யோசிக்க இடமே கிடைப்பதில்லை, உடம்பு தானாகப் பின்வாங்கிவிடும். விக்டோரிநாக்ஸில் பிளேடில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாக எதையோ பிரிக்கிற ஆளைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

அடுத்து, அதில் இருக்கும் மற்ற சாமான்கள். திருப்புளி, டப்பா திறப்பான், சிமிட்டா எல்லாம் சேர்ந்து அது ஒரு கருவி என்று சொல்லிவிடுகின்றன. விக்டோரிநாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவு செய்த கத்தி ராணுவ அதிகாரிகளை மனதில் வைத்துச் செய்ததுதான். ஆனால் அதிலேயே தக்கை பிடுங்கும் திருகு இருந்தது. அந்தத் திருகும் சிவப்பும் வெள்ளைச் சிலுவையும் உலகம் முழுக்கப் பார்த்துப் பழகியவை. ஒன்று மட்டும் கவனியுங்கள். அதே நிறுவனத்தின் 111 மி.மீ. வகைகளில் பிளேடு பூட்டிக்கொள்ளும், சிலவற்றை ஒரு கையாலேயே திறக்கலாம். சிவப்பாக இருந்தாலும் அவை வேறு சங்கதி.

ஒப்பினெல்லும் நல்ல தேர்வுதான். மரப்பிடியைப் பார்த்தால் சமையலறை ஞாபகம்தான் வரும். ஆனால் 8-ஆம் எண்ணின் பிளேடு 8.5 செ.மீ., முனையும் கூர். கூட்டமான இடத்துக்கு அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அந்தக் கத்திதான் பிடிக்கும் என்றால் 6-ஆம் எண் பாருங்கள், 7 செ.மீ.

இனி எடுக்கும் விதம். என்னைக் கேட்டால் கத்தியைவிட இதுதான் முக்கியம். நேரில் கண்ட சாட்சிகளின் நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள்: ஆயுதம் கண்ணில் பட்டால் பார்வை அதிலேயே ஒட்டிக்கொள்கிறது, பிடித்திருந்தவரின் முகம் சரியாகப் பதிவதில்லை. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1987-இல் இதைப் பற்றி எழுதினார். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், கத்தி வெளியே வந்தபிறகு நீங்கள் சிரித்தாலும் சமாதானம் சொன்னாலும் அது பாதிதான் போய்ச் சேரும். அந்த அம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தது இயல்பு. அதனால் பேச்சு முதலில் வர வேண்டும். "என்கிட்ட சின்னப் பேனாக்கத்தி இருக்கு, கயிறை வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்றபிறகு பைக்குள் கையை விடுங்கள். நான் வார்டில் பெட்டியைத் தொடும் முன்பே பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் "இந்தப் பெட்டியைப் பிரிக்கணும், கொஞ்சம் வெட்டிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். பல நேரம் அவரே பெட்டியைப் பிடித்துக்கொள்வார்.

மறைத்துத் திறப்பதும் வேண்டாம். சிலர் நல்லெண்ணத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு திறப்பார்கள். பார்ப்பவருக்கு அதுதான் சந்தேகம் தரும். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு, மடிக்குப் பக்கத்தில், முனை யாரையும் பார்க்காதபடி திறந்து, வெட்டி, உடனே மடக்கிவிடுங்கள். திறந்த கத்தியைக் கையில் வைத்தபடி பேசாதீர்கள். பேசும்போது கை தானாக ஆடும், கத்தியும் கூடவே ஆடும். யாராவது இரவல் கேட்டால் மடக்கிக் கொடுங்கள். நான் பெரும்பாலும் கொடுப்பதில்லை, "சாமானை இங்க கொடுங்க, நானே வெட்டித் தரேன்" என்பேன். அடுத்தவர் எப்படிப் பிடிப்பார் என்று நமக்குத் தெரியாது.

---

தச்சுப்பட்டறை எழுதியது:

மீட்டர்முள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பூட்டு விஷயம் தவிர. பூட்டு இல்லாத கத்தியை ஸ்பிரிங் மட்டும்தான் பிடித்திருக்கிறது. முனையால் குத்தித் துளைத்தாலோ, பிளேடின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோ விரல்மேல் மடங்கிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் உறையைக் குத்திக் கிழிக்கும்போது இது நடக்கும். ஒப்பினெல்லில் 1955-இலிருந்து வரும் அந்தத் திருகு வளையம் இதற்காகத்தான். ஒரு திருப்பு திருப்பினால் பிளேடு அசையாது. சத்தமும் கிடையாது. என் ஓட்டு ஒப்பினெல்லுக்கு.

ஆனால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் தகுந்த காரணம் சொல்லாமல் வெளியே வைத்திருக்கலாம் என்று விடப்பட்டிருப்பது 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத மடக்குக் கத்தி மட்டும். பிளேடு பூட்டிக்கொண்டால் அது மடக்குக் கத்தி என்ற கணக்கிலேயே வராது என்று அங்கே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியின் ஆயுதச் சட்டம் 42ஏ பிரிவில், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமில்லாமல் கொண்டுபோகத் தடை. நீலப்பை, உங்கள் கறுப்புக் கத்தி இரண்டு இடத்திலும் மாட்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும், உங்கள் ஊர் விதியை நீங்களே படித்துப் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் எதுவும் வேண்டாம், பெட்டியோடு சரக்கில் போடுங்கள்.

---

மீட்டர்முள் எழுதியது:

தச்சுப்பட்டறை, பட்டறையில் நீங்கள் சொல்வதுதான் சரி. பலம் போட்டு வெட்ட வேண்டிய வேலைக்குப் பூட்டு வேண்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் ரயிலிலும் காத்திருப்பு அறையிலும் அப்படி வேலை வருவது அபூர்வம். கெட்டி பிளாஸ்டிக் என்றால் நான் குத்துவதே இல்லை, ஓரத்தில் கத்தரிக்கோலால் தொடங்குவேன். கேபிள் டை என்றால் கட்டிங் பிளேயர்தான். கத்தி நழுவிப் பக்கத்து வயரில் பட்டால் கருவியே போய்விடும்.

ஊசிநூல் சொன்ன கத்தரிக்கோலுக்கு என் முழு ஆதரவு. நீலப்பை, உங்கள் 91 மி.மீ. கத்தியில் கத்தரிக்கோல் இருக்கிறதா?

---

நீலப்பை எழுதியது:

இருக்கிறது, ஆனால் அதை நான் திறந்ததே இல்லை. எல்லோருக்கும் நன்றி. முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எடுப்பது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாளையிலிருந்து பையில் சிவப்பு, கறுப்பு வீட்டோடு.

கடைசியாக ஒரு சந்தேகம். தோட்ட வேலைக்குக் கறுப்பை எடுத்துக்கொண்டு போகும் வழியில் அதன் கிளிப் சட்டைப்பைக்கு வெளியே தெரிகிறது. கழற்றிவிடலாமா?

---

தச்சுப்பட்டறை எழுதியது:

கழற்றலாம். ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் அந்தக் கத்தியை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதித்தாலும் சட்டைப்பையில் வேண்டாம், மற்ற தோட்டச் சாமான்களோடு பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள். கிளிப் திருகுகள் பெரும்பாலும் நட்சத்திரத் தலை, டி6 அல்லது டி8 அளவு. சில கத்திகளில் அதே திருகுதான் பிடியின் தகட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும், அதனால் கிளிப்பை எடுத்தபிறகு திருகுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கிளிப்பின் தடிமன் இல்லாமல் போவதால் திருகு கொஞ்சம் ஆழமாக இறங்கும். உள்ளே பிளேடில் இடிக்கிறதா என்று மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள்.