பெந்தெகொஸ்தே ஞாயிறு ரெண்டாம் பாடம், அப் 2 வாசிக்கணும்... டிப்ஸ் ப்ளீஸ்

வேப்பங்காய்:
நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை). பெந்தெகொஸ்தே ஞாயிறு (சீஷர்கள் மேல பரிசுத்த ஆவி எறங்கின நாள்) ஆராதனைல ரெண்டாம் பாடம், அதாவது ரெண்டாவது பைபிள் வாசிப்பு, என்னைய வாசிக்கச் சொல்லிட்டாங்க, அப்போஸ்தலர் 2:1-13. 9, 10ம் வசனத்த பாத்தாலே வயித்தக் கலக்குது, எலாமீத்தர் மெசொப்பொத்தாமியா கப்பத்தோக்கியா பிரிகியா பம்பிலியான்னு... வீட்ல சரளமா வருது, மைக் முன்னாடி நாக்கு சுத்திக்கும்னு பயம். போன்ல பாத்து வாசிக்கலாமா?

உபதேசியார்_மகன்:
பேரு தப்பா வந்தா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான் தம்பி, தயங்காம சொல்லிட்டு போங்க. சிக்கல் வேற இடத்துல இருக்கு. 9ல ஆரம்பிக்கிற வாக்கியம் 11 கடைசில "பேசக்கேட்கிறோமே"ன்னு வரும்போதுதான் முடியுது, நடுவுல எகிப்துலயே குரல எறக்கிட்டீங்கன்னா சபைக்கு வெறும் ஊர் லிஸ்ட்தான் கேக்கும். "தேசத்தாரும்", "ரோமாபுரியாரும்", "நாம்" இந்த மூணு எடத்துல பென்சில்ல கோடு போட்டு அங்க மட்டும் மூச்சு விடுங்க. அப்புறம் வசன நம்பர வாசிக்காதீங்க, எங்க சபைல ஒருத்தர் ஒண்ணு விடாம வாசிப்பாரு. புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்குற அந்த நம்பரே 1551ல ராபர்ட் எஸ்தியென்னு ஒரு அச்சுக்காரர் போட்டதுதான்.

ஆல்ட்டோ_அக்கா:
நாங்க ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்). பெந்தெகொஸ்தே அன்னைக்கு பகல் பூசைல எங்களுக்கும் இதேதான் முதல் வாசகம், எங்க வாசகங்கள் A, B, Cன்னு மூணு வருஷ சுழற்சில மாறும், ஆனா இது எந்த வருஷமும் மாறாது, 11ம் வசனத்தோட நிறுத்திடுவாங்க, பல பாஷைல பேசுற சீஷர்கள குடிச்சிருக்காங்கன்னு கிண்டல் பண்ற 13ம் வசனம் வராது 😀 உங்களுக்கு அது இருக்கு, அத நடிச்சு காட்டிடாதீங்க ப்ளீஸ். முடிச்ச ஒடனே எடத்துக்கு ஓடாம ரெண்டு செகண்ட் நில்லுங்க. எங்க வாசகர்கள் பாதி பேரு கடைசி வரியையும் "ஆண்டவரின் அருள்வாக்கு"வையும் ஒரே மூச்சுல ஒட்டிடுறாங்க, ஜனங்க "இறைவா உமக்கு நன்றி"ன்னு எப்ப சொல்றதுன்னு முழிக்கும்.

கடைசி_பெஞ்ச்:
போன் வேணாம் ப்ரோ. பாதில ஸ்க்ரீன் அணையும், இல்லன்னா அத்தை கால் பண்ணும். பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து பைபிளுக்குள்ள வச்சுக்கோங்க. பைபிள்ல நெகேமியா 8ல எஸ்றாங்கற வேதபாரகர் மரப்பீடத்துல ஏறி காலைலேருந்து மத்தியானம் வரைக்கும் வாசிச்சாரு, உங்களுக்கு வெறும் 13 வசனம்.

வேப்பங்காய்:
நன்றி எல்லாருக்கும். கோடு போட்டாச்சு, பிரிண்டும் எடுத்தாச்சு. இப்பதான் போதகர் ஐயா மெசேஜ் போட்டாரு, 21ம் வசனம் வரைக்கும் வாசிக்கணுமாம், பேதுரு எடுத்துச் சொல்ற யோவேல் தீர்க்கதரிசி வசனம் வேற சேந்துடுச்சு 🤦